பேபி சேச்சிக்கு ஒரு பாட்டில் எண்ணெய்

பய்யன்னூர்
12 ஜூலை 1997

அன்பு மகள் ஷீஜாவுக்கு அச்சன் எழுதுவது.

நானும் உன் அம்மாவும் சுகம். மழைக்குத்தான் சுகமில்லை, ஜூன் மாதத்திலிருந்து விடாமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறது. உன் உடம்பு எப்படி என்று முதலில் எழுது, மற்றதைப் பிறகு எழுது.

நான் ஒன்பதாவதை இரண்டு வருடம் படித்தவன், ஆகவே கணக்குப்படி பத்தாவது பாஸ். கடிதத்தில் பிழை இருந்தால் இரண்டாம் வருடம் பாடம் எடுத்த மாஷைத் திட்டிக்கொள்.

விசைப்படகு எஞ்சின் படிக்க உன்னைக் கொல்லத்துக்கு அனுப்பியது மனதார அனுப்பியதல்ல என்று உனக்கே தெரியும். ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் ஆயிரம் இலைக்குச் சமைத்துப் போடுகிற இந்தக் குஞ்ஞம்புவுக்கு வீட்டில் ஒரு வாய்க் கஞ்சி சிரித்த முகத்தோடு கிடைக்கவில்லை. நீயும் அம்மாவும் அப்படி ஒரு கூட்டணி. அதனால் சம்மதித்தேன். ஆனால் ஒரே ஒரு வருடம். ஏப்ரலில் விஷு முடிந்ததும் பெட்டியைக் கட்டிவிட வேண்டும். டீசல் நாற்றத்தோடு மணப்பந்தலில் உட்கார முடியாது மோளே.

பக்கத்து வீட்டுக் கௌரி கேட்டாள், "மக எங்க குஞ்ஞம்பேட்டா, கண்ணுலயே படல?"

"கொல்லத்துல. மெஷின் வேலை படிக்கிறா."

"நல்லதாப் போச்சு. பொம்பளப் புள்ளைக்கு ஏத்த வேலை. வீட்லயே போட்டுத் தைக்கலாம்."

தையல் மெஷின் என்று நான் சொல்லவில்லை. அவளாக நினைத்துக்கொண்டாள். நினைக்கிறவர்களை நிறுத்த நான் யார்?

மழையில் நனையாதே. தலையைத் துவட்டிக்கொள்.

உன் அச்சன்
குஞ்ஞம்பு


கொல்லம்
28 ஜூலை 1997

மரியாதைக்குரிய அச்சனுக்கும் அம்மாவுக்கும் ஷீஜா எழுதுவது.

நான் நலம். கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதி என்பதால் ஜெபத்துக்குக் குறைவில்லை, சாம்பாருக்குத்தான் குறைவு.

பட்டறை துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். சொல்லிக்கொடுப்பது ஜிஜி சார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டே எந்த டீசல் நாசில் அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கோபம் வந்தால் கையில் இருப்பதை எறிவார். இதுவரை துணிதான் கையில் இருந்திருக்கிறது, கடவுள் புண்ணியம்.

மதியம் சார் வீட்டிலிருந்து பெரிய கேரியர் வரும். பேபி சமைத்து அனுப்புவார். அந்த மீன் குழம்புக்காகவே பையன்கள் சாரிடம் திட்டு வாங்கவும் தயார். எனக்கும் ஒரு பங்கு உண்டு. கவலைப்படாதீர்கள்.

அன்புடன்
ஷீஜா


பய்யன்னூர்
30 ஆகஸ்ட் 1997

அன்புள்ள ஷீஜாவுக்கு அச்சன் ஆசீர்வதித்து எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம், என் முழங்காலைத் தவிர. அது எப்போதும் எதிர்க்கட்சி.

உன் கடிதம் கண்டபிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன். ஆம்பளைகள் நடுவே என் பெண் தனியாக இருக்கிறாளே என்று பயந்துகொண்டிருந்தேன். சார் குடும்பஸ்தர், வீட்டில் பேபி சேச்சி இருக்கிறார் என்றதும் மனம் ஆறியது. அந்த அம்மாவைக் கவனித்துப் பார் மோளே. புருஷன் கரியும் கிரீஸுமாக வருகிற நேரத்துக்கு வெந்நீரும் சோறும் தயாராக இருக்கும், முகம் சுளிக்க மாட்டார். நீ படிக்க வேண்டிய படிப்பு அதுதான். எஞ்சின் கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஓணத்துக்குச் சிறு பொட்டலம் அனுப்புகிறேன். சாருக்குக் கரைபோட்ட வேட்டி. பேபி சேச்சிக்குக் கூந்தல் வளர நானே காய்ச்சிய எண்ணெய் ஒரு பாட்டில். இருவருக்குமாக என் கைப்பட வைத்த புளியிஞ்சி.

கௌரி ஒரு ஜாக்கெட் துணியும் அளவு ஜாக்கெட்டும் கொடுத்திருக்கிறாள். "மெஷின் படிக்கிறவ கையால ஒண்ணு போட்டுப் பாக்கறேன்" என்றாள். மறுக்க முடியவில்லை. ஒரு பெண்பிள்ளைக்கு ஜாக்கெட் தைக்கத் தெரியாமலா போகும்? எஞ்சினையே பிரிக்கிறவளுக்குக் கொக்கி வைப்பது கஷ்டமா?

நலம் விரும்பும்
அச்சன்


கொல்லம்
22 செப்டம்பர் 1997

அம்மா,

இந்தக் கடிதத்தைக் கௌரியேச்சியின் ஜாக்கெட்டுக்குள் மடித்து வைக்கிறேன். அச்சன் பெண்கள் துணியைப் பிரித்துப் பார்க்க மாட்டார், கூச்சப்படுவார். நீ சுகமா? முதுகுவலி குறைந்ததா?

ஜிஜி சார் பெண்பிள்ளை அம்மா. நம் ஊரில் ஆண் என்றால் மாஷ், பெண் என்றால் டீச்சர். இங்கே தெற்கில் வாத்தியார், அதிகாரி எல்லோருமே 'சார்'தான், சேலை கட்டியிருந்தாலும். வந்த புதிதில் நானும் முழித்தேன். பேபி, சாருடைய கணவர். பட்டாளத்தில் தையல்காரராக இருந்து பென்ஷனில் வந்தவர். பெரிய மீசை. தலை சுத்தமாக வழுக்கை. அச்சன் அனுப்பிய கூந்தல் எண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இந்த ஜாக்கெட்டைத் தைத்தது அவர்தான்.

அச்சனிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. "பொம்பளை என்ன எஞ்சின் சொல்லிக் குடுப்பா? வீட்ல சோறாக்குற ஆம்பளை என்ன ஆம்பளை?" என்று அடுத்த ரயிலில் வந்து என்னைக் கூட்டிப்போய்விடுவார். படிப்பு முடியட்டும். அதுவரை நீயும் வாயைத் திறக்காதே.

உன் ஷீஜா


கொல்லம்
24 செப்டம்பர் 1997

மதிப்பிற்குரிய குஞ்ஞம்பு அவர்களுக்கு பேபி எழுதுவது.

தங்களும் குடும்பமும் நலம் என்று நம்புகிறேன். நாங்கள் இங்கே சௌக்கியம்.

பொட்டலம் கிடைத்தது. வேட்டி நல்ல வேட்டி, வீட்டில் உடனே உபயோகத்துக்கு வந்துவிட்டது. எண்ணெய்க்கு மிக்க நன்றி. இத்தனை அன்பாக என்னை இதுவரை யாரும் 'சேச்சி' என்று அழைத்ததில்லை. ஜிஜிக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. எண்ணெயைத் தினமும் தேய்க்கிறேன். வளர்வதற்குத் தலையில் ஆள் யாரும் மிச்சமில்லை என்பது எண்ணெயின் குற்றமல்ல.

புளியிஞ்சி பற்றி உண்மையைச் சொல்லலாமா? வெல்லம் கூடிவிட்டது. இஞ்சியை இன்னும் கொஞ்சம் முறுக விட்டிருக்கலாம். கோபித்துக்கொள்ள வேண்டாம், சமையற்கட்டில் நிற்கிறவர் இன்னொருவரிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

ஷீஜா நல்ல பெண். கையில் ஸ்பேனர் பேசுகிறது.

வணக்கத்துடன்
பேபி


பய்யன்னூர்
19 அக்டோபர் 1997

அன்புச் சகோதரி பேபி சேச்சிக்குக் குஞ்ஞம்புவின் வணக்கம்.

உங்கள் தலைமுடி இவ்வளவு மோசமாகக் கொட்டிவிட்டது என்று படித்து நானும் என் மனைவி தம்பாயியும் மிகவும் வருந்தினோம். நான் வருந்தினேன். தம்பாயி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள், தோள் குலுங்கியது, பாவம் இளகிய மனம். வேறொரு கடுமையான எண்ணெய் அனுப்புகிறேன். இதில் கரிசலாங்கண்ணி இரட்டிப்பு. மனம் தளராதீர்கள்.

நீங்கள் புருஷன் பெயரைச் சொல்லியே எழுதுகிறீர்கள். தெற்குப் பக்கம் நாகரிகம் முன்னால் போய்விட்டது போலும். என் தம்பாயி என்னை "ஏய், இங்க பாருங்க" என்பதற்கு மேல் அழைத்ததில்லை.

புளியிஞ்சியில் வெல்லம் கூடுதல் என்று முப்பது வருடத்தில் ஒரு கல்யாண வீட்டிலும் யாரும் சொன்னதில்லை. இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் யாருக்கும் தெரியாமல் இஞ்சியை முறுக விட்டுச் செய்து பார்த்தேன். அதைப் பற்றி மேற்கொண்டு எதுவும் எழுதுவதாக இல்லை. ஆனால் சேச்சி, பெண்கள் சமையல் வேறு, ஆண்கள் சமையல் வேறு. உருளியில் துடுப்புப் போட்டுக் கிண்டுவது தொழில். வீட்டில் கஞ்சி வைப்பது குணம். எனக்குத் தொழில் உண்டு, குணம் கிடையாது. ஒருமுறை தம்பாயிக்குக் காய்ச்சல். நான் கஞ்சி வைக்கப் போய், உப்பு எங்கே என்று கேட்கப் படுத்திருந்தவளை எழுப்பினேன். அவள் சொன்னதைச் சரியாகக் கேட்காமல் சர்க்கரையை அள்ளிப் போட்டேன். அவள் எழுந்து வந்து எனக்கும் சேர்த்துக் கஞ்சி வைத்தாள்.

ஷீஜா தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கௌரி தெரு முழுக்க நடந்தாள். "தோள்பட்டை பட்டாளத்துக்காரன் மாதிரி நிக்குது பாரு" என்கிறாள். கூட மூன்று பேர் துணி கொடுத்திருக்கிறார்கள். அனுப்பியிருக்கிறேன்.

சாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

தம்பி போன்ற
குஞ்ஞம்பு


கொல்லம்
25 ஜனவரி 1998

அன்புள்ள அச்சனுக்கு ஷீஜா வணக்கம் சொல்லி எழுதுவது. எல்லோரும் சுகம்தானே?

போன வாரம் ஒரு விசைப்படகு கரையில் வந்து படுத்துக்கொண்டது. படகை ஓட்டும் ஸ்ராங்கு என்னைப் பார்த்ததும் வழியை மறித்தார். "பொம்பளை ஏறுனா போட்டோட ராசி போயிடும்."

ஜிஜி சார் கேட்டார், "ராசியோடதான இங்க வந்து நிக்குது? இன்னும் எங்க போகப்போகுது?"

ஏறினேன். பம்பில் காற்று நுழைந்திருந்தது. சரிசெய்து ஓட்டிக் காட்டினேன். இப்போது அந்த ஸ்ராங்கு வந்தால் "அந்தப் பொண்ணு இருக்கா?" என்றுதான் கேட்கிறார்.

அச்சா, படிப்பு முடிந்ததும் பட்டறையிலேயே வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். எனக்கு வேண்டும். இந்த வேலைதான் வேண்டும். விஷுவுக்கு வந்துவிட வேண்டும் என்று நீங்கள் சொன்னது மறக்கவில்லை. நீங்கள் வேண்டாம் என்றால் வந்துவிடுவேன். ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்கள்
ஷீஜா


பய்யன்னூர்
16 பிப்ரவரி 1998

அன்புச் சகோதரி பேபி சேச்சிக்கு.

நலம்தானே? தலைமுடி ஏதாவது எட்டிப் பார்த்ததா?

பெரிய சிக்கலில் எழுதுகிறேன். ஷீஜா அங்கேயே வேலையில் சேரக் கேட்கிறாள். பதில் எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்தேன். இங்கே நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"பகல் பூரா எஞ்சினுக்குள்ள கெடந்துட்டு வர்றவ எப்படிக் குடும்பம் நடத்துவா?" என்றேன்.

தம்பாயி சொன்னாள், "எனக்கென்ன தெரியும்? உங்களுக்கும் தெரியாது. குடும்பம் நடத்துறவங்களைக் கேளுங்க."

"யாரைக் கேக்க?"

"பேபியைத்தான். எஞ்சின் வீட்ல குடித்தனம் பண்றவங்க அவங்கதானே?"

இப்படி ஒரு யோசனை இவளுக்கு எப்படித் தோன்றியது என்று ஆச்சரியப்பட்டேன். அவள் அத்தோடு விடவில்லை. "அவங்க என்ன சொன்னாலும் கேப்பீங்களா?" என்றாள். கேட்பேன் என்றேன். "சத்தியமா?" என்றாள். என் உருளி மேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன். சமையல்காரனுக்கு அதற்கு மேல் சத்தியம் இல்லை.

ஆகவே சேச்சி, ஒரு குடும்பப் பெண்ணாக, ஒளிக்காமல் சொல்லுங்கள். எஞ்சின் வேலையும் குடித்தனமும் ஒரே வீட்டில் ஒத்துப்போகுமா? உங்கள் வாக்குத்தான் முடிவு.

குஞ்ஞம்பு


கொல்லம்
2 மார்ச் 1998

அன்புள்ள குஞ்ஞம்பு அவர்களுக்கு.

எல்லோரும் சௌக்கியம். தலையில் முன்னேற்றம் இல்லை, பளபளப்பு மட்டும் கூடியிருக்கிறது.

நீங்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒருவர் காலையில் எஞ்சினுக்குப் போவார். ஒருவர் வீட்டைப் பார்த்துக்கொள்வார். போனவர் கரியோடு வரும்போது வெந்நீர் இருக்கும். சில நாள் வெந்நீர் இருக்காது, சண்டை இருக்கும். இரண்டு பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். யார் சமைத்தது என்று அவர்கள் கேட்டதில்லை, என்ன சமைத்தது என்றுதான் கேட்டார்கள்.

ஒரே கஷ்டம், கிரீஸ் பட்ட துணி. அதற்கு மண்ணெண்ணெயில் ஊறவைத்து சோப்புப் போட வேண்டும்.

ஷீஜாவை விடுங்கள். அவள் காது எஞ்சினுக்கென்றே பிறந்த காது. விஷுவுக்கு நீங்களே வந்து பார்த்துவிட்டு முடிவு சொன்னால் இன்னும் நல்லது. ஒருவரையொருவர் நேரில் பார்க்க வேண்டிய காலமும் வந்துவிட்டது.

பேபி


கொல்லம்
17 ஏப்ரல் 1998

தம்பாயிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். சுகம் என்று எழுத மனம் வரவில்லை. இந்த ரயிலடி லாட்ஜில் தலையணை செங்கல் போல இருக்கிறது, ஆனால் தூக்கம் வராததற்குக் காரணம் அதுவல்ல.

நேற்று சார் வீட்டுக்குப் போனேன். பேபி சேச்சிக்கு வாங்கிய சேலையும் சாருக்கு வாங்கிய சட்டைத்துணியும் கையில். கதவைத் திறந்தது ஆறடி உயரம், கத்தி போல மீசை, இடுப்பில் நான் அனுப்பிய வேட்டி. சார்தான் என்று கும்பிட்டேன்.

"வணக்கம் சார். குஞ்ஞம்பு. ஷீஜாவோட அச்சன்."

"வாங்க வாங்க! சார் பின்னாடி இருக்காங்க. உக்காருங்க, அடுப்புல மீனு இருக்கு, ஒரு நிமிஷம்."

சாரின் தம்பி போலிருக்கிறது, வீட்டு வேலைக்கு உதவுகிறார், நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். பின்கட்டில் ஒரு எஞ்சினுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. காலில் கொலுசு. கொலுசு போட்ட கால் எஞ்சினுக்கு அடியில் என்ன தேடுகிறது என்று யோசிப்பதற்குள் ஒரு அம்மா வெளியே வந்தார். மூக்கில் கிரீஸ்.

"பேபி சேச்சி!" என்று சேலையை நீட்டினேன். "ஏன் சேச்சி இந்த வேலையெல்லாம் நீங்க செய்யறீங்க? சார் எங்க?"

அந்த அம்மா சொன்னார், "நான்தான் சார்."

சமையற்கட்டிலிருந்து மீசை எட்டிப் பார்த்தது. "நான்தான் சேச்சி."

தம்பாயி, நான் உட்கார நாற்காலி தேடினேன். கிடைத்ததில் உட்கார்ந்தேன். அது நாற்காலியல்ல, ஆயில் டின். என் வெள்ளை வேட்டி போனது போனதுதான்.

அதற்குள் நம் மகள் வந்தாள். அவள் மேல்தான் பாய்ந்தேன். "அச்சனை முட்டாளாக்கிட்டியேடி! சார்னு எழுதி ஏமாத்திட்டியே!"

அவள் முகம் வெளுத்துவிட்டது, ஆனால் பின்வாங்கவில்லை. "நான் சார்னுதான் எழுதினேன் அச்சா. ஆம்பளைன்னு எழுதல. நீங்க ஊர்ல மெஷின்னுதானே சொன்னீங்க? தையல் மெஷின்னு சொன்னீங்களா?"

மீசைக்காரர் ஒரு தட்டில் சோறும் மீன் குழம்பும் வைத்து, ஓரத்தில் புளியிஞ்சியும் வைத்தார். தின்றேன். இஞ்சி முறுகலாக இருந்தது. அந்தப் புளியிஞ்சி மேல் கோபம் வைக்க என்னால் முடியவில்லை, அதுதான் பெரிய கோபம்.

ஆனால் சத்தியம் சத்தியம்தான். நான் குடும்பப் பெண்ணின் வாக்குக்குக் கட்டுப்படுகிறேன் என்றுதான் சொன்னேன். வாக்குச் சொன்னது பெண்ணே இல்லை. ஆகவே உருளிச் சத்தியம் செல்லாது என்று நினைக்கிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு வரவா, விட்டுவிட்டு வரவா? நீ எழுதும்வரை இங்கேயே இருக்கிறேன்.

குஞ்ஞம்பு


பய்யன்னூர்
20 ஏப்ரல் 1998

ஷீஜாவின் அச்சனுக்குத் தம்பாயி எழுதுவது. நான் சுகம். வேட்டிக்கறைக்கு மண்ணெண்ணெயில் ஊறவையுங்கள், பேபி எழுதியிருந்தாரே.

வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் கேட்கிறேன் என்றீர்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்தான் பதில் சொல்லியிருக்கிறார். அதில் செல்லாதது என்ன? குழம்பு வைத்தது யார் என்று தெரிந்தபிறகு குழம்பின் ருசி மாறிவிட்டதா?

மகளை விட்டுவிட்டு வாருங்கள். நீங்கள் வந்ததும் நான் போய் அவளோடு ஒரு மாதம் இருக்கப் போகிறேன். உப்பு நீல மூடி போட்ட பரணியில் இருக்கிறது. சர்க்கரை சிவப்பு மூடி. எழுதித் தந்துவிட்டேன், எழுப்பிக் கேட்க நான் இருக்க மாட்டேன்.

தம்பாயி


பய்யன்னூர்
14 செப்டம்பர் 1998

அன்பு மகள் ஷீஜாவுக்கு அச்சன் எழுதுவது.

ஓணத்துக்கு வந்துபோன நீ பத்திரமாகச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். வேலை எப்படி? கையை எஞ்சினில் கொடுத்துவிடாதே. இங்கே நாங்கள் நலம். நான் இப்போது கஞ்சி வைக்கிறேன். உப்பு போட்ட கஞ்சி.

நீ கௌரி வீட்டு டீசல் பம்பைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனபிறகு இங்கே ஒரே அமளி. அவள் நேராக வந்து கேட்டாள், "குஞ்ஞம்பேட்டா, உங்க மக தையல்தானே படிச்சா? பம்பு எப்படி?"

நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன், "தையல்னு நான் எப்பச் சொன்னேன்? டீசல் எஞ்சின். கொல்லம் துறைமுகத்துல அவ கை படாம ஒரு போட்டும் கடலுக்குப் போகாது." கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். சமையல்காரன், கொஞ்சம் கூடத்தான் விழும்.

"அப்ப என் ஜாக்கெட்டெல்லாம் தைச்சது யாரு?"

"பேபி."

கௌரி முகம் மலர்ந்துவிட்டது. "என்ன கைவேலை! சமையலும் தெரியும்னு உங்க வீட்ல சொன்னாங்களே. அடக்கமான பொண்ணாத்தான் இருக்கும். எங்க தம்பிக்குப் பாக்கலாமா?"

மோளே, வாயைத் திறந்தேன். பிறகு யோசித்தேன், நினைக்கிறவர்களை நிறுத்த நான் யார்?

"பேபிக்குக் கல்யாணம் ஆயிடுச்சு கௌரி. அங்க ஒரு சாரைத்தான் கட்டியிருக்கு."

கௌரி பெருமூச்சு விட்டாள். "சாரா! குடுத்து வச்சவ."

ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் இஞ்சி முறுகிக்கொண்டிருந்தது.

சாருக்கும் சேச்சிக்கும் என் வணக்கத்தைச் சொல்.

அச்சன்